அழிந்த கோப்பை மீட்பது எப்படி? லினக்ஸ் ஸ்னாப்ஷொட்டும் அதன் எல்லைகளும்

2023 ஆம் ஆண்டு ஒகஸ்ட் 26 ஆம் திகதி, இலங்கை அரச அலுவலகங்களின் மின்னஞ்சல்கள் இயங்கிவந்த லங்கா அரச கிளவுட் சேவை கப்பம் கோரும் மென்பொருளின் தாக்குதலுக்கு உள்ளானது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 மின்னஞ்சல் கணக்குகள் பாதிக்கப்பட்டன. சேவை 12 மணித்தியாலங்களுக்குள் வழமைக்குத் திரும்பியது. ஆனால் மே 17 முதல் ஒகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் திரும்பவில்லை. இணைப்பில் இருந்த காப்புப்பிரதியையும் தாக்குதல் பூட்டிவிட்டது. மூன்று மாதங்களுக்கும் மேற்பட்ட அந்தக் காலப்பகுதிக்கு, இணைப்புக்கு வெளியே வைக்கப்பட்ட பிரதி எதுவும் இருக்கவில்லை.

ஓர் அரசாங்கத்திற்கே இந்த நிலை என்றால், இரண்டு மூன்று கணினிகளை வைத்துக்கொண்டு காணி விபரங்களையும் வாக்குமூலங்களையும் பழைய பத்திரிகைகளின் வருடிய பக்கங்களையும் சேகரித்து வைத்திருக்கும் சிறிய அமைப்புகளின் நிலை என்ன? இவற்றில் பல, செலவு குறைவு என்பதற்காகவும் உரிமக் கட்டணம் இல்லை என்பதற்காகவும் லினக்ஸ் இயங்குதளத்தைப் பயன்படுத்துகின்றன. லினக்ஸில் அழிந்த அல்லது மாற்றப்பட்ட கோப்புகளை மீட்பதற்கு ஸ்னாப்ஷொட் என்றொரு வசதி இருக்கிறது. அதனைச் சரியாகப் புரிந்துகொண்டால் அன்றாட இழப்புகளில் பெரும்பாலானவற்றைத் தவிர்க்கலாம். தவறாகப் புரிந்துகொண்டால், பாதுகாப்பு இருக்கிறது என்ற நம்பிக்கையிலேயே எல்லாவற்றையும் இழக்கலாம்.

குப்பைத் தொட்டி காப்பாற்றாத இழப்புகள்

கோப்பை அழித்தால் அது குப்பைத் தொட்டிக்குப் போகும், அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் நாம் பழகியிருக்கிறோம். ஆனால் கட்டளைச் சாளரத்தில் ‘ஆர்எம்’ கட்டளையால் அழிக்கப்படும் கோப்பு குப்பைத் தொட்டிக்குப் போவதில்லை. மென்பொருள் ஒன்று தானாக அழிக்கும் கோப்பும் பெரும்பாலும் அங்கே இருக்காது.

அதைவிட முக்கியமானது, பல இழப்புகள் அழிப்பினால் ஏற்படுவதே இல்லை. ஓர் அலுவலகத்தில் 800 குடும்பங்களின் காணி விபரங்கள் அடங்கிய விரிதாள் ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் ஒரு நிரலை மட்டும் தெரிவுசெய்து அகர வரிசைப்படுத்திச் சேமித்துவிடுகிறார். பெயர்கள் இடம் மாறிவிட்டன, காணி இலக்கங்கள் அப்படியே நிற்கின்றன. கோப்பு இருக்கிறது, திறக்கிறது, எல்லாக் கட்டங்களும் நிரம்பியிருக்கின்றன. ஆனால் ஒருவரின் காணி இன்னொருவரின் பெயரில் நிற்கிறது. இது இரண்டு வாரங்களின் பின்னரே தெரியவரும்போது குப்பைத் தொட்டியில் தேடி என்ன பயன்?

அழிந்த கோப்புகளை வன்தட்டில் தோண்டி எடுக்கும் ஃபோட்டோரெக், டெஸ்ட்டிஸ்க் போன்ற இலவச மென்பொருட்கள் இருக்கின்றன. பழைய சுழலும் வன்தட்டுகளில் அவை சில வேளைகளில் கைகொடுக்கும். எஸ்எஸ்டி வகைத் தட்டுகளில் நிலைமை வேறு. அழிக்கப்பட்ட இடங்களை லினக்ஸ் அவ்வப்போது தட்டுக்கு அறிவிக்கிறது; உபுண்டுவில் இது வாரம் ஒருமுறை தானாகவே நடக்கும். அறிவித்த பின்னர் அந்த இடத்தில் இருந்த தரவு பெரும்பாலும் மீட்க முடியாததாகிவிடும். ஆகவே, தொலைந்த பின் தேடுவதைவிட, தொலைவதற்கு முன் இருந்த நிலையைப் பிடித்து வைப்பதே நம்பகமான வழி.

ஸ்னாப்ஷொட் எப்படி வேலை செய்கிறது?

ஸ்னாப்ஷொட் என்பது ஒரு கோப்புறை குறித்த ஒரு கணத்தில் எப்படி இருந்ததோ அந்த நிலையின் பதிவு. 100 ஜிகாபைட் கோப்புகள் இருந்தாலும் அதனை எடுக்க ஓரிரு விநாடிகள் போதும். எடுத்த உடனே அது ஏறக்குறைய இடமே பிடிப்பதில்லை. கோப்புகளைப் பிரதி எடுக்காமல் இது எப்படிச் சாத்தியமாகிறது?

கோப்பின் உள்ளடக்கம் வன்தட்டில் சிறு சிறு தொகுதிகளாகச் சேமிக்கப்படுகிறது. எந்தத் தொகுதிகள் சேர்ந்து எந்தக் கோப்பு என்பதைக் கோப்பு முறைமை ஓர் அட்டவணையில் குறித்து வைக்கிறது. சாதாரணமான கோப்பு முறைமையில், கோப்பின் ஒரு பகுதியை மாற்றினால் பழைய தொகுதியின் மேலேயே புதியது எழுதப்படும். பிடிஆர்எஃப்எஸ், இசட்எஃப்எஸ் ஆகிய கோப்பு முறைமைகள் அப்படிச் செய்வதில்லை. அவை மாற்றத்தை வேறொரு வெற்றிடத்தில் எழுதிவிட்டு, அட்டவணையைப் புதிய இடத்தை நோக்கித் திருப்புகின்றன. பழைய தொகுதியை யாரும் பயன்படுத்தாவிட்டால் மட்டுமே அந்த இடம் விடுவிக்கப்படும்.

ஸ்னாப்ஷொட் எடுப்பது என்றால், அந்தக் கணத்து அட்டவணையை வைத்துக்கொண்டு, ‘இது சுட்டும் தொகுதிகளை விடுவிக்காதே’ என்று சொல்வது மட்டுமே. அதன் பின்னர் நீங்கள் 2 ஜிகாபைட் அளவு கோப்புகளை மாற்றினால், பழைய 2 ஜிகாபைட் மட்டும் ஸ்னாப்ஷொட்டுக்காக மேலதிகமாக இடம் பிடிக்கும். மாறாத 98 ஜிகாபைட்டும் இரண்டுக்கும் பொதுவாகவே இருக்கும்.

இதிலிருந்து இரண்டு விடயங்கள் விளங்கும். ஒன்று, மணிக்கு ஒருமுறைகூட ஸ்னாப்ஷொட் எடுக்கலாம். இரண்டு, மாறாத கோப்புக்கு வன்தட்டில் ஒரேயொரு பிரதிதான் இருக்கிறது. இருபது ஸ்னாப்ஷொட்களில் அந்தக் கோப்பு தெரிந்தாலும் அவை இருபது பிரதிகள் அல்ல. அந்த இடத்தில் வன்தட்டு பழுதடைந்தால் இருபதிலும் அது பழுதடையும்.

உங்கள் கணினியில் இது இருக்கிறதா?

பிடிஆர்எஃப்எஸ் 2009 இல் லினக்ஸ் கருவகத்தில் சேர்க்கப்பட்டது. பலர் இதனை ‘பட்டர் எஃப்எஸ்’ என்று சொல்வார்கள். இசட்எஃப்எஸ் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் உருவானது; இன்று ஓப்பன் இசட்எஃப்எஸ் என்ற பெயரில் லினக்ஸில் இயங்குகிறது. ஆனால் உபுண்டு, டெபியன், லினக்ஸ் மின்ட் ஆகியவற்றை வழமையான முறையில் நிறுவினால் கிடைப்பது எக்ஸ்ட் 4 என்ற கோப்பு முறைமை. அதில் ஸ்னாப்ஷொட் வசதி இல்லை.

பலர் ஏமாறும் இடம் இதுதான். லினக்ஸ் மின்டில் டைம்ஷிஃப்ட் என்ற மென்பொருள் கூடவே வருகிறது. அதில் ‘ஸ்னாப்ஷொட்’ என்ற சொல்லைப் பார்த்ததும் எல்லாம் பாதுகாப்பாக இருக்கிறது என்று நினைத்துவிடுகிறோம். ஆனால் டைம்ஷிஃப்ட் இயங்குதளத்தைப் பாதுகாப்பதற்காக எழுதப்பட்டது. உங்கள் ஆவணங்களும் படங்களும் இருக்கும் ஹோம் கோப்புறையை அது இயல்பாகவே தவிர்த்துவிடுகிறது. மேம்படுத்தலின் பின் கணினி இயங்க மறுத்தால் அது உதவும். அழிந்த கட்டுரையை அதில் தேடினால் கிடைக்காது.

ஓப்பன்சூசேயில் பிடிஆர்எஃப்எஸ்ஸும் அதனை நிர்வகிக்கும் ஸ்னாப்பர் என்ற கருவியும் இயல்பாகவே வருகின்றன. அங்கும் இயங்குதளப் பகுதிக்குத்தான் ஸ்னாப்ஷொட் எடுக்கப்படுகிறது; ஹோம் கோப்புறைக்கு நாமாகவே அமைக்க வேண்டும். ஃபெடோரா பணிநிலையப் பதிப்பில் 2020 முதல் பிடிஆர்எஃப்எஸ் இயல்பான தெரிவு. ஆனால் அது தானாக ஸ்னாப்ஷொட் எதனையும் எடுப்பதில்லை. வசதி இருப்பது வேறு, அது உங்கள் கோப்புகளுக்கு இயங்குவது வேறு.

எக்ஸ்ட் 4 பயன்படுத்துபவர்களுக்கு எல்விஎம் என்ற இன்னொரு வழி உண்டு. கோப்பு முறைமைக்குக் கீழே, தட்டின் மட்டத்திலேயே ஸ்னாப்ஷொட் எடுக்கும் முறை இது. இதன் பழைய வகையில் மாற்றங்களுக்கென்று முன்கூட்டியே இடம் ஒதுக்க வேண்டும். அந்த இடம் நிரம்பிவிட்டால் ஸ்னாப்ஷொட் முழுவதும் செல்லாததாகிவிடும். ஒரு மேம்படுத்தலுக்கு முன்னர் சில மணித்தியாலங்களுக்கு வைத்திருக்க இது ஏற்றது. மாதக்கணக்கில் வைத்திருக்க அல்ல.

அமைப்பதும் மீட்பதும்

ஹோம் கோப்புறை பிடிஆர்எஃப்எஸ்ஸில் தனியான உபபகுதியாக இருந்தால், ஸ்னாப்பருக்கு ‘கிரியேட்-கொன்ஃபிக்’ என்ற கட்டளையால் அதனை அறிமுகப்படுத்தலாம். அதன் பின் நேர அட்டவணையை இயக்கினால் மணிக்கு ஒருமுறை ஸ்னாப்ஷொட் எடுக்கப்படும். எத்தனையை வைத்திருப்பது என்பதை நீங்களே தீர்மானிக்கலாம். சிறிய அலுவலகம் ஒன்றிற்கு 24 மணித்தியாலப் பதிவுகள், 14 நாட் பதிவுகள், 8 வாரப் பதிவுகள், 6 மாதப் பதிவுகள் என்று வைப்பது நல்ல தொடக்கம். அண்மைய தவறுகளுக்கு நுணுக்கமான பதிவும், தாமதமாகத் தெரியவரும் தவறுகளுக்குத் தூரத்துப் பதிவும் இதனால் கிடைக்கும். காணி விரிதாள் போன்ற தவறுகள் வாரங்கள் கழித்தே தெரியவரும் என்பதால், கடைசி மூன்று நாட்களை மட்டும் வைத்திருப்பது போதாது.

கோப்பு ஒன்று பிழைத்துப்போனது தெரியவந்தால் செய்ய வேண்டியவற்றை வரிசையாகப் பார்ப்போம்.

முதலில், இப்போதைய நிலையையும் ஒரு ஸ்னாப்ஷொட் எடுத்து வையுங்கள். பதற்றத்தில் செய்யும் மீட்பு முயற்சிகளால் ஏற்படும் இரண்டாவது இழப்பிலிருந்து இது காப்பாற்றும்.

இரண்டாவதாக, ‘ஸ்னாப்பர் லிஸ்ட்’ கட்டளையால் பட்டியலைப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கமும் திகதியும் நேரமும் இருக்கும். தவறு நடப்பதற்கு முன்னர் எடுத்தது எது என்று கண்டுபிடியுங்கள். இரண்டு இலக்கங்களைக் கொடுத்து ‘ஸ்டேட்டஸ்’ கேட்டால், அவற்றுக்கிடையே எந்தக் கோப்புகள் சேர்ந்தன, அழிந்தன, மாறின என்று காட்டும். சாதாரண எழுத்துக் கோப்பு என்றால் ‘டிஃப்’ கட்டளை மாறிய வரிகளையே காட்டிவிடும்.

மூன்றாவதாக, தேவையான கோப்பை மட்டும் பிரதி எடுங்கள். பாதுகாக்கப்படும் கோப்புறையின் உள்ளே ‘.ஸ்னாப்ஷொட்ஸ்’ என்ற மறைந்த கோப்புறை இருக்கும். அதனுள் இலக்கவாரியாகப் பழைய நிலைகள் முழுமையாக இருக்கும். நிர்வாகி அனுமதியுடன் அதனைத் திறந்து, பழைய கோப்பை வேறு பெயரில் உங்கள் கோப்புறைக்குக் கொண்டுவாருங்கள். இசட்எஃப்எஸ்ஸில் இதே வேலையை ‘.இசட்எஃப்எஸ்’ என்ற மறைந்த கோப்புறை செய்கிறது.

நான்காவதாக, பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். இரண்டு வாரங்களுக்கு முந்தைய விரிதாளை அப்படியே திருப்பி வைத்தால், அந்த இரண்டு வாரங்களில் சேர்த்த புதிய குடும்பங்கள் போய்விடும். பழையதில் சரியாக இருந்ததையும் புதியதில் சேர்ந்ததையும் இணைப்பது மனிதர் செய்ய வேண்டிய வேலை. எந்தக் கட்டளையும் அதனைச் செய்யாது.

முழுக் கோப்புறையையும் பழைய நிலைக்குத் திருப்பும் ‘ரோல்பேக்’ வசதியும் உண்டு. பலர் பகிரும் கோப்புறையில் அதனைக் கடைசி வழியாக மட்டும் வையுங்கள். ஒருவரின் தவறைத் திருத்தப் போய் மற்றவர்கள் செய்த நேர்த்தியான வேலைகளையும் அது அழித்துவிடும். இசட்எஃப்எஸ்ஸில் பழையதொரு ஸ்னாப்ஷொட்டுக்குத் திரும்பினால் அதற்குப் பின்னர் எடுத்த ஸ்னாப்ஷொட்களும் போய்விடும் என்பதைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

அலுவலகக் கணினிகள் விண்டோஸிலும், பொதுக் கோப்புகள் லினக்ஸ் சேவையகத்திலும் இருக்கும் இடங்களில் இன்னொரு வசதி உண்டு. சம்பா மென்பொருளில் உரிய அமைப்பைச் செய்துவிட்டால், விண்டோஸ் பயனர் கோப்பின் மேல் வலது சொடுக்குச் செய்து ‘முந்தைய பதிப்புகள்’ என்ற பகுதியில் சேவையகத்தின் ஸ்னாப்ஷொட்களைப் பார்க்கலாம். கணினி தெரிந்தவர் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

அழித்தாலும் இடம் கிடைக்காது

ஸ்னாப்ஷொட் பயன்படுத்தத் தொடங்கியவர்களைக் குழப்பும் விடயம் இது. வன்தட்டு நிரம்பிவிட்டது, 40 ஜிகாபைட் காணொளிகளை அழிக்கிறீர்கள், ஆனால் வெற்றிடம் கூடவில்லை. காரணம், அந்தக் காணொளிகளைப் பழைய ஸ்னாப்ஷொட்கள் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அவற்றைத் தாங்கும் கடைசி ஸ்னாப்ஷொட்டும் நீங்கும்வரை இடம் விடுபடாது. பெரிய காணொளிகளைப் பதிவிறக்கி, திருத்தி, அழிக்கும் வேலை நடக்கும் கோப்புறையைத் தனி உபபகுதியாகப் பிரித்து, அதற்கு ஸ்னாப்ஷொட் எடுக்காமல் விடுவது இதற்கு நல்ல தீர்வு. பிடிஆர்எஃப்எஸ்ஸில் ஓர் உபபகுதியின் ஸ்னாப்ஷொட், அதனுள் இருக்கும் இன்னோர் உபபகுதியைச் சேர்த்துக்கொள்வதில்லை. இதே காரணத்தால், முக்கியமான கோப்புறை ஒன்று தெரியாமல் தனி உபபகுதியாக இருந்தால் அது பாதுகாப்பிலிருந்து விடுபட்டும் போகலாம்.

இதற்கு இன்னொரு பக்கம் இருக்கிறது. அது இடத்தைவிடப் பாரதூரமானது. சாட்சி ஒருவரின் பெயரை ஓர் ஆவணத்திலிருந்து நீக்கிச் சேமிக்கிறீர்கள். கோப்பில் பெயர் இல்லை. ஆனால் நேற்றைய ஸ்னாப்ஷொட்டில் அந்தப் பெயர் அப்படியே இருக்கிறது. மாதப் பதிவுகளில் இன்னும் ஆறு மாதங்களுக்கு இருக்கும். மடிக்கணினி பறிபோனாலோ கைப்பற்றப்பட்டாலோ அது மற்றவர் கைக்குப் போகலாம். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் தமது தரவை அழிக்குமாறு கோரும் உரிமையைப் பற்றியும் பேசுகிறது. ஒருவர் தமது விபரத்தை நீக்குமாறு கேட்டு நாமும் நீக்கிவிட்டோம் என்று சொல்லும்போது, ஸ்னாப்ஷொட்களிலும் நீக்கினோமா என்பதை யோசிக்க வேண்டும். ஸ்னாப்ஷொட்டின் உள்ளே இருந்து ஒரு கோப்பை மட்டும் எடுத்துவிடுவது இலகுவல்ல. அந்தக் கோப்பு இருக்கும் எல்லா ஸ்னாப்ஷொட்களையும் நீக்குவதே நடைமுறையில் சாத்தியமானது. ஆகவே இரகசிய ஆவணங்களுக்குக் குறுகிய காலப் பதிவுகளை வைப்பதும், தட்டு முழுவதையும் லக்ஸ் முறையில் மறைகுறியாக்கி வைப்பதும் அவசியம்.

ஸ்னாப்ஷொட் காப்புப்பிரதி அல்ல

ஸ்னாப்ஷொட் இருப்பது மூலக் கோப்புகள் இருக்கும் அதே வன்தட்டில். தட்டு பழுதடைந்தாலோ, கணினி திருட்டுப் போனாலோ, அலுவலகத்தில் வெள்ளம் புகுந்தாலோ இரண்டும் ஒன்றாகவே போகும். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது வேறெங்கும் பிரதி இல்லாத ஓலைச் சுவடிகளும் சாம்பலாயின. ஒரே இடத்தில் இருப்பது ஒரே இரவில் போகலாம் என்பதை நாம் யாரிடமும் கேட்டுப் படிக்க வேண்டியதில்லை.

கப்பம் கோரும் மென்பொருள் விடயத்தில் ஸ்னாப்ஷொட் ஓரளவு உதவும். சாதாரணப் பயனரின் அனுமதியுடன் மட்டும் அது இயங்கினால், நிர்வாகிக்குச் சொந்தமான, வாசிக்க மட்டும் முடிந்த ஸ்னாப்ஷொட்களை அதனால் தொட முடியாது. ஆனால் நிர்வாகியின் கடவுச்சொல் தாக்குபவரின் கையில் சிக்கிவிட்டால், ஸ்னாப்ஷொட்களை அழிக்க அவருக்கு ஒரேயொரு கட்டளை போதும். லங்கா அரச கிளவுட் சம்பவம் லினக்ஸ் ஸ்னாப்ஷொட் பற்றியது அல்ல. ஆயினும் இணைப்பில் இருக்கும் பிரதிக்கு என்ன நடக்கும் என்பதை அது தெளிவாகவே காட்டியது.

இதற்கு ஸ்னாப்ஷொட்டே வழியும் திறக்கிறது. பிடிஆர்எஃப்எஸ்ஸின் ‘சென்ட்’, ‘ரிசீவ்’ என்ற இரண்டு கட்டளைகள் ஒரு ஸ்னாப்ஷொட்டை இன்னொரு தட்டுக்கு அனுப்பும். முதல் தடவை முழுவதும் போகும். அடுத்த தடவைகளில் முந்தைய ஸ்னாப்ஷொட்டுக்கும் இதற்கும் இடையிலான வித்தியாசம் மட்டுமே போகும் என்பதால் வேலை விரைவாக முடியும். வெளி வன்தட்டும் பிடிஆர்எஃப்எஸ் முறையில் அமைக்கப்பட்டிருக்க வேண்டும். வாரம் ஒருமுறை அனுப்பிவிட்டு, தட்டைக் கழற்றி வேறொரு கட்டடத்தில் வையுங்கள். இரண்டு தட்டுகளை மாறி மாறிப் பயன்படுத்தினால் இன்னும் நல்லது.

பயன்படும் என்று எப்படித் தெரியும்?

2017 ஜனவரி 31 ஆம் திகதி, மென்பொருள் உருவாக்குநர்கள் பயன்படுத்தும் கிட்லாப் தளத்தில் நடந்ததை அந்த நிறுவனமே விரிவாக வெளியிட்டது. பொறியியலாளர் ஒருவர் இரண்டாம் நிலைச் சேவையகம் என்று நினைத்து, முதன்மைச் சேவையகத்தில் தரவுத்தளக் கோப்புறையை அழித்துவிட்டார். ஓரிரு விநாடிகளில் உணர்ந்து நிறுத்தியபோது, ஏறத்தாழ 300 ஜிகாபைட்டில் 4.5 ஜிகாபைட் அளவே எஞ்சியிருந்தது.

காப்புப்பிரதிகளைத் தேடினார்கள். நாளாந்தம் எடுக்கப்பட வேண்டிய பிரதி, மென்பொருள் பதிப்புப் பொருந்தாமையால் எடுக்கப்படாமலே தோல்வியடைந்து வந்திருந்தது. அந்தத் தோல்வியை அறிவித்த மின்னஞ்சல்களை அஞ்சல் சேவையகம் நிராகரித்துவந்ததால் யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் கைகொடுத்தது ஓர் எல்விஎம் ஸ்னாப்ஷொட். விபத்துக்கு ஏறத்தாழ ஆறு மணித்தியாலங்களுக்கு முன்னர், வேறொரு பரிசோதனைக்காகக் கையால் எடுக்கப்பட்டது அது. அந்த ஆறு மணித்தியாலத் தரவு போனது. ஏறத்தாழ 5,000 திட்டங்களும், 5,000 கருத்துகளும், 700 புதிய பயனர் கணக்குகளும் பாதிக்கப்பட்டன. அந்த ஸ்னாப்ஷொட்டும் இல்லாதிருந்தால் இழப்பு இன்னும் பெரிதாகியிருக்கும்.

பெரிய தொழில்நுட்ப நிறுவனத்திலேயே காப்புப்பிரதி இயங்கவில்லை என்பது, அது தேவைப்பட்ட இரவில்தான் தெரியவந்தது. சிறிய அலுவலகத்தில் இதனைத் தவிர்க்க விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை. மாதத்தில் ஒரு நாளை ஒதுக்குங்கள். ஏதாவது ஒரு கோப்பைத் தெரிவுசெய்து, போன வாரத்து நிலையை ஸ்னாப்ஷொட்டிலிருந்து எடுத்துத் திறந்து பாருங்கள். பின்னர் கழற்றி வைத்திருக்கும் வெளித் தட்டிலிருந்தும் அதே கோப்பை எடுத்துப் பாருங்கள். கடைசி ஸ்னாப்ஷொட்டின் திகதி என்ன, தட்டில் எவ்வளவு இடம் மீதமிருக்கிறது என்பவற்றை ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். இந்த வேலையைச் செய்யத் தெரிந்தவர் ஒருவர் மட்டும் என்றால் இன்னொருவருக்கும் பழக்குங்கள். அவர் விடுமுறையில் இருக்கும் நாளிலும் கோப்பு தொலையலாம்.